யார் முதலில் லைனுக்கு வருவது

எட்டு வினாடி. ஒரு பெரிய அதிகாரி போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து ஆள் வாய் திறக்கும்வரை எட்டு வினாடி காத்திருந்தார். அதற்காக ஒரு பெண்ணுக்கு மெமோ கொடுத்தார்கள். அந்த மெமோவை அடித்த டைப்பிஸ்ட் நான்தான். ‘உயர் பதவியில் உள்ள அலுவலரைக் கீழ்ப்பதவி அலுவலருக்காகக் காக்க வைத்து அவமதித்தமைக்கு’ என்று ஒவ்வொரு எழுத்தையும் குத்திக் குத்தி அடித்தேன். அவ்வளவு ஆத்திரம். இத்தனை வருஷம் கழித்தும் அது ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

மெமோ வாங்கியவரை எங்கள் ஆபீசில் எல்லோரும் லைன் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். டெலிபோன் ஆபரேட்டர். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை, சுவரை ஒட்டி ஒரு போர்டு, போர்டில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு குட்டி விளக்கு. விளக்கு எரிந்தால் அக்கா ஒரு வயரைச் செருகி “சொல்லுங்க” என்பார். யார் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அவருடைய துளையில் இன்னொரு வயரைச் செருகுவார். செல்போன் எல்லோர் சட்டைப் பையிலும் வராத காலம் அது. இருபத்தாறு வருஷம் அந்த அறையில் உட்கார்ந்ததில் ஹெட்போன் பட்டை அழுத்தி, உச்சந்தலையில் குறுக்காக ஒரு கோடு விழுந்துவிட்டது. “ஊர்லயே ரெண்டு வகிடு எடுக்கிற பொம்பளை நான் ஒருத்திதான்” என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார்.

அப்பா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியது அக்காதான். தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்தார், தனக்குச் செய்துகொள்ளவில்லை. கேட்டால், “நாள் முழுக்க அடுத்தவங்களைச் சேர்த்து வைக்கிறதே பொழப்பா போச்சு. எனக்கு யாரு லைன் போடுறது?” என்பார். தம்பி மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தான். அவன், அவன் மனைவி, நாலு வயது மகள், அக்கா நாலு பேரும் ஆற்றோரத் தெருவில் ஒரு கீழ்த்தளத்து வீட்டில் குடியிருந்தார்கள்.

இனி அதிகாரிகள் கதைக்கு வருகிறேன். வெள்ளம் வந்தால் லாரி அனுப்பி ஜனங்களை அப்புறப்படுத்துவது எங்கள் ஆபீஸ் பொறுப்பு. எங்கள் ஆபீசில் தலைவருக்குக் கீழே நாலு படி, கீழிருந்து மேலே: அசிஸ்டன்ட், டெபுடி, ஜாயின்ட், அடிஷனல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அகராதியைப் புரட்டினேன். அசிஸ்டன்ட் என்றால் உதவி, டெபுடி என்றால் துணை, ஜாயின்ட் என்றால் இணை, அடிஷனல் என்றால் கூடுதல். உதவிக்கும் துணைக்கும் என்ன வித்தியாசம்? இணை என்றால் சரிசமம் என்றுதானே அர்த்தம், அவர் எப்படி மூன்றாவது ஆள் ஆனார்? கூடுதல் என்றால் தேவைக்கு மேல் வந்தவர், அவர் எப்படி இத்தனை பேர் தலைக்கு மேல் போய் உட்கார்ந்தார்? நாலு பேரும் செய்வது ஒரே வேலைதான், கையெழுத்துப் போடுவது. எந்தப் புண்ணியவான் இப்படிப் பேர் வைத்தானோ!

அக்காவிடம் கேட்டேன். “அகராதியை மூடி வை தம்பி. மணி அடிச்சா எல்லாம் தெரிஞ்சிடும்” என்றார். “அசிஸ்டன்ட் முதல் மணியிலேயே தானே எடுப்பார், பயம். டெபுடி மூணாவது மணியில எடுப்பார், வேலையா இருக்கேன்னு காட்டணும். ஜாயின்டுக்கு அடிச்சா பி.ஏ. எடுப்பார். அடிஷனலுக்கு அடிச்சா பி.ஏ. எடுத்து, யாரு, எங்கிருந்து, எதுக்குன்னு அரைமணி விசாரிச்சுட்டு, அப்புறம் ஐயா சீட்ல இல்லைம்பார்.”

இதில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. இரண்டு அதிகாரிகள் போனில் பேச வேண்டும் என்றால், சின்னவர் முதலில் லைனுக்கு வந்து காத்திருக்க வேண்டும். பெரியவர் பிறகுதான் ரிசீவரை எடுப்பார். எடுத்த உடனே எதிரில் ‘வணக்கம் சார்’ என்று குரல் வர வேண்டும். பெரியவர் ‘ஹலோ’ என்று சொல்லி, பதில் இல்லாமல் அரை நிமிஷம் நின்றுவிட்டால் போச்சு, அவர் மானமே கப்பலேறிவிட்டது. அக்காவுக்கு முன்னால் அங்கே இருந்த ஆபரேட்டர் ஒருமுறை மாற்றிப் போட்டுவிட்டார். அவரை ஆபீஸ் கிட்டங்கியில், மூட்டை அடுக்கும் குடோனில், சாக்கு எண்ணப் போட்டார்கள்.

ஆபீசுக்குள் பேசினால் குழப்பம் இல்லை. வெளி ஆபீஸ் அதிகாரியோடு பேசும்போது யார் சின்னவர், யார் பெரியவர்? அதற்கு ஒரு பட்டியல் வேண்டும் என்றார் மேனேஜர். என்னைத்தான் தயார் செய்யச் சொன்னார். நான் மெத்தப் படித்தவன் அல்லவா, எங்கள் ஆபீஸ் படியை அப்படியே எல்லா ஆபீசுக்கும் போட்டு அடித்துக் கொடுத்தேன். எங்கும் அடிஷனல் மேலே, ஜாயின்ட் அதற்குக் கீழே. அங்கேதான் கோட்டை விட்டேன். அணைக்கட்டைப் பார்த்துக்கொள்ளும் நீர் ஆபீசில் தலைகீழ். அங்கே தலைவருக்கு அடுத்தவர் ஜாயின்ட், அடிஷனல் அவருக்கும் கீழே. அந்த ஆபீசிலும் என்னைப் போல ஒரு புத்திசாலி இருந்திருக்கிறான். அவன் தன் படியை வைத்து எங்களை அளந்து ஒரு பட்டியல் அடித்திருக்கிறான். ஆக, எங்கள் அடிஷனலும் அவர்கள் ஜாயின்டும் அவரவர் ஆபீசில் இரண்டாவது ஆள். ஆனால் எங்கள் பட்டியலில் அவர் மூன்றாவது, அவர்கள் பட்டியலில் இவர் மூன்றாவது. ஆறு வருஷம் இது வெளியே வரவில்லை, ஏனென்றால் பேசினால் இரண்டு தலைவர்களும்தான் பேசிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் மழை நாலு நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் தலைவர்கள் இரண்டு பேரும் ஏதோ கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்தார்கள். காலை பத்து ஐம்பதுக்கு நீர் ஆபீஸ் லைனில் விளக்கு எரிந்தது.

அந்தப் பக்கத்து ஆபரேட்டரோடு அக்காவுக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம், குரல் மட்டும். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அவர் அண்ணன், இவர் தங்கச்சி.

“தங்கச்சி, அணை நிரம்பிடுச்சு. ஒரு மணிக்கு ஷட்டரைத் தூக்கியே ஆகணும், இல்லேன்னா கரையே உடைஞ்சிடும். ஆற்றோரம் பூரா காலி பண்ணணும். எங்க ஜாயின்ட் உங்க அடிஷனல்கிட்ட சொல்லணும்னு உக்காந்திருக்கார். உங்க ஐயாவை லைனுக்கு வரச் சொல்லும்மா.”

அக்காவின் வீடும் ஆற்றோரம்தான். தம்பி காலை ஷிப்டுக்குப் போயிருந்தான். தம்பி மனைவி பத்து நாளுக்கு முன் படியில் வழுக்கி விழுந்து, முழங்கால்வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். வீட்டில் துணைக்கு நாலு வயதுக் குழந்தை. மழையில் தெருமுனைக் கடை போனும் செத்துக் கிடந்தது.

“உங்க ஜாயின்டை முதல்ல கொடுங்க அண்ணே, நான் எங்க ஐயாவைச் சேர்க்கறேன்.”

“ஐயோ, அது ஆகாதும்மா. எங்க ஜாயின்ட்தான் இன்னிக்கு ஆபீசுக்கே தலை. உங்க அடிஷனல் எங்க லிஸ்ட்ல மூணாவது ஆள்.”

“எங்க லிஸ்ட்ல உங்க ஜாயின்ட்தான் மூணாவது ஆள்.”

இரண்டு பேரும் அவரவர் பி.ஏ.விடம் சொன்னார்கள், பி.ஏ.க்கள் அவரவர் ஐயாவிடம் சொன்னார்கள். எங்கள் ஐயா, “அவரை லைன்ல வரச் சொல்லு, நான் பேசறேன்” என்றார். அவர்கள் ஐயாவும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னாராம். எரிகிற வீட்டின் வாசலில் நின்றுகொண்டு ‘நீங்கள் முதலில் தண்ணீர் ஊற்றுங்கள்’ என்று இரண்டு பேர் மரியாதை பேசினால் எப்படி இருக்கும்? இதில் மரியாதையும் இல்லை, வெறும் வீம்பு.

அக்கா பி.ஏ.வுக்கு மறுபடி போட்டார். “சார், சேதி எனக்கே தெரியும் சார். ஒரு மணிக்குத் தண்ணி திறக்கறாங்க. நீங்க ஐயாகிட்ட சொல்லி லாரிக்கு மட்டும் உத்தரவு வாங்கிக் கொடுங்க.”

“ஆபரேட்டர் சொன்னான்னு லாரி அனுப்ப முடியுமா? அதிகாரி வாயால வரணும்மா. உன் வேலை வயர் செருகறது. அதைப் பாரு.”

லாரி ஷெட்டுக்கும் போட்டுப் பார்த்தார். ஷெட்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் “அடிஷனல் சொல்லாம சாவியை எடுத்தா என் வேலை போயிடும் அக்கா” என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினொன்று பதினைந்துக்கு பி.ஏ. என்னை அழைத்தார். ரெக்கார்டு ரூமுக்குப் போய் சீனியாரிட்டி புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் என்று பார்த்து முடிவு செய்யப் போகிறார்களாம்! நான் ஓடினேன். தலையணை கனத்துக்கு இருந்த புத்தகத்தைத் தூசியோடு தூக்கி வந்தேன். பி.ஏ. பக்கம் பக்கமாகப் புரட்டினார். நீர் ஆபீஸ் ஜாயின்டின் பேர் அதில் இல்லை. வேறு டிபார்ட்மெண்ட் ஆள் பேர் எங்கள் புத்தகத்தில் எப்படி இருக்கும்? அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அவர் புரட்டினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ‘சார், அங்கே ஜனங்க முழுகப் போறாங்க’ என்று சொல்ல எனக்கு ஒரு வாய் இருந்தது. இடித்து வைத்த புளி மாதிரி நின்றேன். அதற்காக என்மேலேயே எனக்குக் கோபம் உண்டு.

கீழே இறங்கி அக்காவிடம் வந்தேன்.

“என்ன தம்பி சொல்றாங்க?”

“புத்தகம் பார்க்கறாங்க அக்கா.”

“மணி என்ன?”

“பதினொண்ணு முப்பத்தி மூணு.”

அக்கா நீர் ஆபீஸ் லைனில் வயரைச் செருகினார். “அண்ணே, கேளுங்க. நான் எங்க ஐயாகிட்ட, உங்க ஐயா லைன்ல காத்திருக்கார்னு சொல்றேன். நீங்க உங்க ஐயாகிட்ட, எங்க ஐயா காத்திருக்கார்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா எடுக்கட்டும்.”

“தங்கச்சி, எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு.”

“எனக்கும் வீட்ல ஒண்ணு இருக்கு அண்ணே. தண்ணி வர்ற வழியிலேயே இருக்கு.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டதாம். “சரி, சொல்லிடறேன்” என்றாராம்.

இரண்டு பி.ஏ.க்களும் தங்கள் ஐயா ஜெயித்துவிட்டார் என்று சந்தோஷமாக உள்ளே கொடுத்தார்கள். இரண்டு ஐயாக்களும் ரிசீவரை எடுத்தார்கள். எடுத்து, எதிரில் ‘வணக்கம் சார்’ வரட்டும் என்று இரண்டு பேரும் மூச்சு விடாமல் இருந்தார்கள். அதுதான் அந்த எட்டு வினாடி. கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘ஹலோ’ என்றார்கள். பேச்சு ஒன்றரை நிமிஷத்தில் முடிந்தது. நாற்பத்தைந்து நிமிஷம் தடுத்து வைத்திருந்த சேதி அவ்வளவுதான்.

பதினொன்று ஐம்பதுக்கு இரண்டு லாரியும் ஒலிபெருக்கி வைத்த ஜீப்பும் கிளம்பின. நடக்க முடிந்தவர்கள் மேட்டுக்கு நடந்தார்கள். நடக்க முடியாதவர்களை லாரி ஏற்றிக்கொண்டு போய் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. போய் வர முக்கால் மணி நேரம். இரண்டாவது நடையில் ஆற்றோரத் தெருவின் கோடிக்கு வந்தபோது மணி ஒன்று. லாரியில் ஒரு கட்டில் அளவுக்குத்தான் இடம் பாக்கி. அங்கே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி மாவுக்கட்டோடு இருந்த அக்காவின் தம்பி மனைவி. இன்னொருவர் பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா. அறுபது வயது, தனிக்கட்டை, முழங்கால் இரண்டும் போய், நாற்காலியிலேயே நகர்ந்து நகர்ந்து தைப்பவர். அக்காவின் ரவிக்கை எல்லாம் அவர் கையால் தைத்ததுதான்.

“நீ குழந்தையோட ஏறும்மா, நான் அடுத்த வண்டியில வரேன்” என்றாராம் அந்த அம்மா.

அடுத்த வண்டி ஒன்று நாற்பத்தைந்துக்குத் தெருமுனைக்கு வந்தது. அதற்கு ஐந்து நிமிஷத்துக்கு முன்னாலேயே தண்ணீர் வந்துவிட்டது. டிரைவர் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிப் பாதி தூரம் போய்ப் பார்த்தார், முடியவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகுதான் அந்த அம்மாவை எடுத்தார்கள். தையல் மெஷின் பக்கத்திலேயே இருந்தார்.

நான் கணக்கில் புலி இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். லாரிக்கு ஒரு நடை முக்கால் மணி. இரண்டு பேர் வீம்பு பிடித்தது முக்கால் மணி.

மறு வாரம் செய்தித்தாளில் இரண்டு ஐயாக்களின் படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ‘உரிய நேரத்தில் ஒருங்கிணைந்து செயல்பட்டு’ நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார்களாம். பாராட்டுக் கடிதமும் வந்தது, அதற்கு நகல் எடுத்ததும் நான்தான். அதே வாரம் அக்காவுக்கு மெமோ. எங்கள் ஐயா எட்டு வினாடியை மறக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்? ரிட்டையர் ஆக மூன்று வருஷம் இருக்கும்போது அக்காவின் வேலை அந்தரத்தில் தொங்கியது.

விசாரணைக்கு மூன்றாவது ஆபீஸ் ஒன்றிலிருந்து ஒரு டெபுடி வந்தார். எங்கள் ஆபீஸ் கூட்ட அறையில் உட்கார்ந்தார். வாக்குமூலத்தை அடிக்க என்னை உட்கார வைத்தார்கள். நீர் ஆபீஸ் ஆபரேட்டருக்கும் அன்றைக்கே வரச் சொல்லி உத்தரவு போயிருந்தது. வராந்தாவில் காத்திருந்த அக்கா முன்னால் குள்ளமாக, வழுக்கையாக ஒருவர் வந்து நின்று, “தங்கச்சி?” என்றார். வராந்தாவே அதிர்கிற குரல்.

“அண்ணே! குரலை வெச்சு உங்களை ஆறடின்னு நினைச்சிருந்தேன்.”

“நான் உன்னை ஒல்லிக்குச்சின்னு நினைச்சேனே” என்று சிரித்தவர், சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். “எனக்கும் மெமோ கொடுத்துட்டாங்கம்மா.”

அக்கா வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு அந்தத் தாளோடு உள்ளே போய், தன்னுடைய மெமோவையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் டெபுடிக்கு முன்னால் விரித்தார்.

“சார், என் மெமோவில எங்க அடிஷனல் உயர் பதவி, அவங்க ஜாயின்ட் கீழ்ப்பதவின்னு இருக்கு. அண்ணன் மெமோவில அவங்க ஜாயின்ட் உயர் பதவி, எங்க அடிஷனல் கீழ்ப்பதவின்னு இருக்கு. ரெண்டும் எப்படி சார் நிஜமாகும்? எந்த ஐயாவைக் கீழ்ப்பதவின்னு எழுதப் போறீங்க?”

டெபுடி இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் டெபுடி. எந்த ஆபீஸ் பட்டியலில் வைத்துப் பார்த்தாலும் அந்த இரண்டு பேருக்கும் கீழே இருப்பவர். இருவரில் யாரைக் கீழே என்று அவர் எழுதினாலும், நாளைக்கு அவர் கிட்டங்கியில் சாக்கு எண்ண வேண்டியதுதான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், மறைக்க மாட்டேன்.

“சரிம்மா,” என்றார் கடைசியில். “குற்றம் நிரூபணம் ஆகலைன்னு முடிச்சிடறேன். ரெண்டு பேரும் வேலைக்குப் போங்க. டைப்பிஸ்ட், அதை மட்டும் அடிச்சுக் கையெழுத்து வாங்கு.”

அண்ணன் இரண்டு கையையும் கூப்பினார். பாவம், இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றவர். ஆனால் அக்கா எழுந்திருக்கவில்லை.

“சார், அந்த நாற்பத்தஞ்சு நிமிஷத்தைப் பத்தி ஒரு கேள்வி கூட கேக்கலையே?”

“அது இந்த விசாரணையில இல்லைம்மா.”

“எந்த விசாரணையில இருக்கு?”

டெபுடி ஃபைலைக் கட்ட ஆரம்பித்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை, அன்றைக்கும் உயரவில்லை. லைனில் பேசுகிற அதே குரல்.

“அடிச்சுக்கோ தம்பி, இது என் வாக்குமூலம். பத்து ஐம்பதுக்குச் சேதி வந்தது. பதினொண்ணு முப்பத்தஞ்சுக்குத்தான் ஐயா காதுக்குப் போச்சு. நடுவுல ரெண்டு அதிகாரியும் யார் முதல்ல லைனுக்கு வர்றதுன்னு இருந்தாங்க. அந்த நேரத்துல லாரி ஒரு நடை போயிட்டு வந்திருக்கும். அந்த நடையில ஏறியிருக்க வேண்டியவங்க பேரு…” என்று தையல்கார அம்மாவின் பேரையும் வீட்டு நம்பரையும் நிதானமாகச் சொன்னார்.

“அதை அடிக்காதே” என்றார் டெபுடி.

நான் அடித்தேன். கார்பன் வைத்து மூன்று காப்பி அடித்தேன். அக்கா மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். அண்ணன் என்னிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, கீழே சாட்சியாகப் போட்டார். எங்கள் ஆபீஸ் காகிதங்களில் அந்த அம்மாவின் பேர் இருப்பது அந்த ஒரு தாளில் மட்டும்தான்.